வீட்டு மீன் தொட்டியில் நீரோட்டமும் வடிகாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் அடுக்குமாடி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் மீன் வளர்ப்பவர்கள் வடிகட்டியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்தக் கேள்விகளில் பல பம்பில் தொடங்கி, தரையில் தேங்கிய தண்ணீரில் வந்து முடிகின்றன. ஆகவே தண்ணீரை மேலே ஏற்றும் கருவியைவிட, அது கீழே இறங்கும் வழிக்கே இங்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். கணக்குகள் எல்லாம் 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட 4 அடித் தொட்டியை வைத்துப் போடப்பட்டவை. உங்கள் தொட்டியின் அளவு வேறானால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

என் தொட்டிக்கு மணிக்கு எத்தனை லிட்டர் நீரோட்டம் வேண்டும்?

மேற்சொன்ன தொட்டியின் கொள்ளளவு 243 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் இருக்கும். சிறு மீன்கள் பல கலந்து வாழும் நன்னீர்த் தொட்டியில், முழுத் தண்ணீரும் மணிக்கு 4 முதல் 6 முறை வடிகட்டியைக் கடந்து வந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 800 முதல் 1,200 லிட்டர் வரை தேவைப்படும். அரோவானாவும் லுவோஹானும் நிறையத் தின்று நிறையக் கழிவு விடும் மீன்கள் என்பதால் அவற்றுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக வைப்பது நல்லது. டிஸ்கஸ், சண்டை மீன் போன்றவை வேகமான ஓட்டத்தைத் தாங்குவதில்லை. அவற்றுக்காகப் பம்பைச் சிறியதாக்க வேண்டியதில்லை. தண்ணீர் திரும்பி விழும் இடத்தில் துளையிட்ட நீண்ட குழாயைப் பொருத்தினால், அதே அளவு நீர் வேகம் குறைந்து பரவலாக விழும்.

நம் ஊர் வெப்பத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நமது தொட்டிகள் 28 முதல் 30 பாகை வரை எளிதாகப் போகின்றன. ஆகவே எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதோடு, அந்த ஓட்டம் நீர்ப்பரப்பை அலைய வைக்கிறதா என்பதையும் பாருங்கள். தொட்டிக்குள் பலமாக ஓட்டம் இருந்தும் மேற்பரப்பு கண்ணாடித் தகடாக அசையாமல் கிடந்தால், அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் காண்பீர்கள்.

பம்ப் பெட்டியில் 3,000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. ஆனால் தண்ணீர் மெலிதாகத்தான் வருகிறது. பம்ப் பழுதா?

பெரும்பாலும் பழுது இருக்காது. பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது தண்ணீரைச் சிறிதும் உயர்த்தாமல் தள்ளும்போது கிடைக்கும் அளவு. பக்கத்திலேயே 'அதிகபட்ச உயரம்' என்று ஓர் எண்ணும் இருக்கும். அந்த உயரத்தை எட்டும்போது ஓட்டம் சுழியாகிவிடும். 3,000 லிட்டர், 2.5 மீட்டர் என்று போட்டிருக்கும் பம்பைத் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரியில் வைத்து, 1.4 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றினால், பாதிக்கு மிகாமல்தான் மேலே வந்து சேரும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

உயரத்துக்கு அடுத்தபடியாக ஓட்டத்தைத் தின்பது குழாயின் உராய்வு. ஒரே அளவு நீர் ஓடும்போது, உள்விட்டத்தை 20 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டராக உயர்த்தினால் உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். பம்பை மாற்றுவதற்கு முன் குழாயை மாற்றிப் பாருங்கள். செலவும் குறைவு, மின்சாரமும் மிச்சம். ஓரிடத்தில் 90 பாகை முழங்கை வைப்பதற்குப் பதிலாக இரண்டு 45 பாகை முழங்கைகளை வைப்பதும் உதவும்.

உண்மையான ஓட்டத்தை அளக்க ஒரு 10 லிட்டர் வாளியும் கைப்பேசியும் போதும். திரும்பி வரும் குழாயை வாளிக்குள் விட்டு, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 36,000-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைத்துவிடும். 30 வினாடி என்றால் 1,200 லிட்டர். வடிகட்டியைக் கழுவிய அன்று ஒரு முறையும், அடுத்த முறை கழுவுவதற்கு முன் ஒரு முறையும் அளந்து எழுதி வையுங்கள். பஞ்சு எவ்வளவு விரைவில் அடைத்துக்கொள்கிறது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

தொட்டியின் மேலே வைக்கும் வடிகட்டிப் பெட்டி வழிந்து வீடெல்லாம் தண்ணீர். இது ஏன் நடக்கிறது?

எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். அரோவானா, லுவோஹான் வளர்ப்பவர்களில் பலர் இந்த மேல்பெட்டியையே பயன்படுத்துகிறார்கள். நல்ல வடிகட்டிதான், திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கழுவுவதும் எளிது. ஆனால் பம்ப் தொட்டிக்குள் இருக்கிறது, பெட்டி தொட்டிக்கு மேலே இருக்கிறது. பெட்டியிலிருந்து நீர் இறங்கும் வழி அடைத்துக்கொண்டது பம்புக்குத் தெரியாது. அது தன் போக்கில் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

அடைப்பு எப்படி வருகிறது என்பதைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் புரியும். முதல் அறையிலுள்ள வெள்ளைப் பஞ்சின் மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பான ஒரு படலம் படியும். முதலில் நீர் விழும் இடத்தில் மட்டும் வட்டமாக இருக்கும் அந்தப் படலம், நாளாக நாளாக ஓரங்களுக்குப் பரவும். பஞ்சு முழுவதும் மூடியபின், நீர் அதற்குள் புகாமல் அதன் மேலாகவே ஓடி, பெட்டியின் விளிம்பைத் தேடும். பெட்டி ஒரு பக்கம் சிறிது சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் முதலில் வழியும். பெட்டியின் வெளிப்புறத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு காய்ந்து கிடந்தால், அது ஏற்கெனவே ஒரு முறை வழிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, பஞ்சு அறையின் சுவரில் விளிம்புக்கு 2 செ.மீ. கீழே ஒரு வழிவாய் இருக்க வேண்டும். பஞ்சு அடைத்தாலும் நீர் அதன் வழியாக அடுத்த அறைக்குப் போய்த் தொட்டிக்குள்ளேயே விழும். வடிகட்டப்படாத நீர் விழுந்தாலும் பரவாயில்லை, தரைக்குப் போகாது. கடையில் வாங்கும் பெட்டிகள் சிலவற்றில் இந்த வழிவாய் இருக்கும், சிலவற்றில் இருக்காது, வாங்கும்போதே பாருங்கள். இரண்டாவது, கடைசி அறையின் வடிகுழாய் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருக்கட்டும், இரண்டாவதன் வாய் முதலாவதைவிட உயரமாக இருக்கட்டும்.

மூன்றாவது ஏற்பாட்டைத்தான் நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம். பம்பைத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். அடியில் வைத்த பம்ப், பெட்டி வழியும்போது தொட்டியை ஏறக்குறைய முழுவதும் தரையில் கொட்டிவிடும். நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே அதன் உறிஞ்சுவாய் இருக்கும்படி வைத்தால், அதிகபட்சம் 120 × 45 × 5, அதாவது 27 லிட்டர்தான் வெளியே போகும். அதன்பின் பம்புக்குக் காற்றுதான் கிடைக்கும். பம்ப் கெட்டுப்போகலாம், ஆனால் மீன்கள் பிழைக்கும், கீழ்வீடு நனையும் ஆபத்தும் குறையும். அடியிலுள்ள கழிவைப் பம்ப் இழுக்காதே என்ற குறை இருக்கிறது. அதை வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

தொட்டிக்குக் கீழே வடிகட்டித் தொட்டியாகச் சம்ப் வைக்கப் போகிறேன். மின்சாரம் நின்றால் கீழ்த்தொட்டி வழியாதா?

கணக்குப் போட்டு வைத்தால் வழியாது. மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியிலிருந்து எவ்வளவு நீர் இறங்கும் என்பதை முன்கூட்டியே அறிய முடியும்.

பம்ப் ஓடும்போது, தொட்டியின் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ பெட்டியின் (மேல்மட்ட நீர் வழிந்து விழுந்து வடிகுழாய்க்குப் போகும் அறையின்) விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும். 20 செ.மீ. நீளமுள்ள தடையற்ற விளிம்பில் மணிக்கு 2,000 லிட்டர் வழிந்தால், அந்த உயரம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். மீன்கள் உள்ளே போகாதிருக்க விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். பற்கள் பாதி நீளத்தை அடைத்துக்கொண்டால், அதே நீர் வழிய 21 மில்லிமீட்டர் உயரம் தேவைப்படும். பம்ப் நின்றதும் இந்த 21 மில்லிமீட்டர் நீர் முழுவதும் கீழே வரும்: 120 × 45 × 2.1, அதாவது 11 லிட்டருக்குச் சற்று மேல். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருப்பதற்கு இன்னும் 2 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கணக்கில் எடுக்க மறப்பது நீரைத் திருப்பி அனுப்பும் குழாயை. அதன் வாய் விளிம்பு மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே மூழ்கியிருந்தால், பம்ப் நின்ற கணத்தில் ஓட்டம் தலைகீழாகி, அந்தக் குழாயே தொட்டி நீரைச் சைஃபனாக, அதாவது பம்ப் இல்லாமலே தானாகக் கீழே, இழுக்கத் தொடங்கும். வாய் வெளியே தெரியும் வரை அது நிற்காது. இன்னும் 27 லிட்டர். ஆக மொத்தம் 40 லிட்டர். கீழே 90 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள சம்ப் இருந்தால், அதன் நீர்மட்டம் 11 செ.மீ. உயரும். வழக்கமான மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடம் காலியாக இருந்தால்தான் தப்பலாம்.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால், பம்ப் தன் அறையிலுள்ள நீரையெல்லாம் மேலே ஏற்றிவிடும். அந்த அறை 25 × 40 செ.மீ. அளவுடையதாக இருந்து, பம்புக்கு மேல் 20 செ.மீ. நீர் நின்றால், 20 லிட்டர் மேலே போகும். மேல்தொட்டியின் மட்டம் 3.7 செ.மீ. உயரும். ஆகவே கண்ணாடி விளிம்புக்குக் கீழே குறைந்தது 4 செ.மீ. விடுங்கள், அல்லது பம்ப் அறையைச் சிறியதாக அமையுங்கள்.

கணக்கு சரியா என்பதை நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பகல் நேரத்தில் சோதித்துப் பாருங்கள். பம்பின் சுவிட்சை அணைத்து, எல்லா நீரும் இறங்கி முடியும் வரை காத்திருந்து, சம்ப் கண்ணாடியில் நாடா ஒட்டி அந்த மட்டத்தைக் குறித்துவிடுங்கள். பிறகு மறுபடி ஓடவிட்டு, நீர் நிலைபெற்றபின் இன்னொரு நாடா. இரண்டாவது நாடாவுக்கு மேல் எந்த நாளிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நீர் பின்னோக்கி வராமலிருக்க ஒருவழி வால்வு போட்டால் போதாதா?

போதாது. ஒருவழி வால்வின் மடலில் ஒரு சிறு நத்தையோ பாசி நூலோ சிக்கினால் அது முழுவதும் மூடாது. புதிதாக இருக்கும்போது நன்றாக வேலை செய்து, நீங்கள் அதை நம்பி மறந்துவிட்ட பிறகு கைவிடும் கருவி அது. திரும்பும் குழாயில், ஓடும்போதுள்ள நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளை ஒன்றை இடுங்கள். பம்ப் நின்று மட்டம் 1 செ.மீ. இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். மேற்சொன்ன 27 லிட்டர் கணக்கிலிருந்தே நீங்கிவிடும், சம்ப் 11 செ.மீ. உயர்வதற்குப் பதிலாக 4 செ.மீ. கூட உயராது. துளையில் பாசி அடைக்கும் என்பதால், தண்ணீர் மாற்றும் நாளில் பல்குத்தும் குச்சியால் ஒரு முறை குத்திவிடுங்கள்.

வடிகுழாய் ஒன்று போதுமா, இரண்டு மூன்று வேண்டுமா?

ஒன்று மட்டும் என்றால், அது ஒரு நாள் அடைக்கும் என்று எண்ணித்தான் மற்றவற்றை அமைக்க வேண்டும். உலகெங்கும் மீன் வளர்ப்பவர்கள் மூன்று முறைகளைப் பின்பற்றுகிறார்கள்.

டர்சோ முறையில் ஒரே குழாய். அதன் தலை கீழ்நோக்கி வளைந்திருக்கும், உச்சியில் காற்றுத் துளை இருக்கும். நீரும் காற்றும் கலந்து இறங்கும். ஹெர்பி முறையில் இரண்டு குழாய்கள். ஒன்று காற்றே இல்லாமல் முழுக் குழாயும் நீராக இறங்கும் சைஃபன். அதன் ஓட்டத்தை ஒரு கேட் வால்வால் பம்பின் ஓட்டத்துக்கு ஈடாக்குவார்கள். மற்றது உயரத்தில் வாய் வைத்து அவசரத்துக்காகக் காத்திருக்கும். பீன் அனிமல் முறையில் மூன்று: முழுச் சைஃபன் ஒன்று, மிகுதியை மெலிதாக எடுத்துச் செல்லும் திறந்த குழாய் ஒன்று, வறண்டே இருக்கும் அவசரக் குழாய் ஒன்று.

கூடத்தில் தொட்டி வைக்கும் அடுக்குமாடிக் குடும்பத்துக்கு, இடம் இருந்தால் மூன்று குழாய் முறையையே பரிந்துரைக்கிறோம். முதல் குழாய் அடைத்தாலும் இரண்டாவது சத்தத்தோடு வேலையைத் தொடரும், அந்தச் சத்தமே உங்களுக்கு எச்சரிக்கை. இடம் குறைவென்றால் ஹெர்பி முறை. வால்வு வாங்கும்போது பந்து வால்வை விடுத்து, திருகித் திருகி மூடும் கேட் வால்வை வாங்குங்கள். நுணுக்கமாகச் சரிசெய்ய அதுதான் ஏற்றது. முழுச் சைஃபன் குழாயின் வாயில் சல்லடை அவசியம், ஏனென்றால் ஒரே ஒரு இலை அதை நிறுத்திவிடும். அவசரக் குழாயில் வால்வோ சல்லடையோ எதையும் வைக்கக் கூடாது.

கண்ணாடியில் துளையிடும் முன் அது பதப்படுத்தப்பட்ட கண்ணாடியா என்று தொட்டி செய்தவரிடம் கேளுங்கள். பதப்படுத்திய கண்ணாடியில் துரப்பணம் பட்டால் முழுத் தகடும் பொடியாகிவிடும்.

வடிகுழாய் இரவெல்லாம் களகளவென்று சத்தம் போடுகிறது. எப்படி அடக்குவது?

சத்தம் தொடர்ந்து ஒரே சீராக இருந்தால், காற்றும் நீரும் ஒரே குழாயில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்று பொருள். காற்றுத் துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது பம்பின் வெளியேற்றுப் பக்கத்து வால்வைச் சிறிது மூடிப் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் மூடிக் குறைக்காதீர்கள். பம்ப் பட்டினி கிடந்து, குமிழிகளை உண்டாக்கி, தேய்ந்துபோகும்.

சிறிது நேரம் அமைதி, திடீரென்று கழிவறையில் நீர் திறந்துவிட்டது போன்ற இரைச்சல், மறுபடி அமைதி என்று மாறி மாறி வந்தால், குழாய் தானாகச் சைஃபனாகி, பின் காற்று புகுந்து அறுபடுகிறது. காற்றுத் துளை உப்பாலோ பாசியாலோ சுருங்கியிருக்கும். சம்ப்பில் குழாயின் முனை எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்றும் பாருங்கள். 2 அல்லது 3 செ.மீ. போதும், அதற்கு மேல் ஆழமாக இருந்தால், குழாயில் அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் ஏப்பம் விட்டுக்கொண்டே இருக்கும்.

கேனிஸ்டர் வடிகட்டியின் ஓட்டம் மாதா மாதம் குறைகிறது. எங்கிருந்து தேட வேண்டும்?

உறிஞ்சுவாய்ச் சல்லடையிலிருந்து தொடங்குங்கள், பிறகு குழாய்கள், பிறகு மிக நுண்ணிய பஞ்சு, கடைசியாகச் சுழலியும் அதன் குழியும். ஒளி ஊடுருவும் குழாய்களின் உட்சுவரில் படியும் வழவழப்பே ஓட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும். நீண்ட கம்பித் தூரிகை அதற்காகவே கிடைக்கிறது. பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் அலச வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின், அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் துகள் ஒன்று இருந்தாலும் கசியும் என்பதால் அதைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெலிதாகத் தடவி மூடுங்கள். இந்த வேலைக்கு வாசலின் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

கேனிஸ்டர் மூடிய பெட்டி என்பதை மின்தடையின்போது மறக்க வேண்டாம். ஓட்டம் நின்றால் உள்ளேயிருக்கும் உயிர்வளி சில மணி நேரத்தில் தீர்ந்து, நுண்ணுயிர்கள் மடிந்து அழுகத் தொடங்கும். நெடுநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்து திரும்ப வந்தால், பம்பை அப்படியே ஓடவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள்; அழுகிய முட்டை வாடை அடித்தால், உள்ளேயிருக்கும் நீரைக் கொட்டி, எல்லாவற்றையும் அலசிய பிறகே ஓட்டுங்கள்.

குழாயில் தண்ணீர் வராத நாள்களில் என்ன செய்வது?

பினாங்கின் கச்சா நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வால்வை மாற்றினாலும் தீவின் பெரும்பகுதி வறண்டுவிடும். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை அறிவிக்கப்பட்ட தடையை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய அறிவிப்பு வந்ததும், தடைக்கு முந்தைய நாளே வழக்கமான தண்ணீர் மாற்றத்தை முடித்துவிட்டு, தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நலமான பெரிய மீன்கள் சில நாள் குறைந்த தீனியில் வாடுவதில்லை.

விநியோகம் திரும்பியதும் வரும் நீர் கலங்கலாக இருக்கும். தெளியும் வரை ஓடவிட்டு, பிறகு குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்து, ஒரே நாளில் ஈடுகட்ட முயலாமல் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சேமித்து வைக்கும் தொட்டிகளை மூடி வையுங்கள். மூடாத நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுக்காரருக்கு அபராதமும் உண்டு. மீன் இல்லாமல் காலியாக நிற்கும் சம்ப், கழுவி வைத்த மேல்பெட்டி ஆகியவற்றில் தேங்கும் நீரையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பழைய தண்ணீரை எங்கே விடுவது?

குளியலறை அல்லது சமையலறைத் தரையிலுள்ள வடிகால் துளை போதும். ஆனால் அது வாளியால் கழுவும் நீருக்காக அமைக்கப்பட்டது. பம்பை வைத்து மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டரைத் தள்ளினால் எதிர்த்து மேலே வரும். வால்வால் குறைத்து, துளை விழுங்கும் வேகத்துக்கு விடுங்கள். ரப்பர் குழாயின் முனை துள்ளி வெளியே வராமல் துளைச் சல்லடையில் கட்டிவிடுங்கள். கூடத்துக் கம்பளம் நனையும் வீடுகளில் பாதிக்குக் காரணம், குழாயின் தொட்டி முனையைக் கவனித்துக்கொண்டு மறுமுனையை மறந்ததுதான். மணலும் சரளையும் வடிகாலுக்குள் போகக் கூடாது. வாளியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள்.

நன்னீர்த் தொட்டியின் பழைய நீர் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் நல்ல உரம். வரிசை வீட்டில் இருப்பவர்கள் அதைக் கால்வாயில் விடுவதைவிடச் செடிகளுக்கு விடலாம். உப்பு நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது.

மீனையோ நத்தையையோ நீர்ச்செடியையோ எந்தக் கால்வாயிலும் விடாதீர்கள். பாசி தின்னும் என்று வாங்கப்படும் தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி, கைக்கு அடங்காமல் வளர்ந்ததும் வெளியே விடப்பட்டு, இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலான கடைகள் வாங்கிக்கொள்ளும்.

என் தொட்டி கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் யார் பொறுப்பு?

2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளின்படி, மாடிகளுக்கு இடையிலான கசிவு, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, நேர்மேலேயுள்ள வீட்டிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். அதாவது, நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இருக்கிறது. அலமாரிக்குள் சம்ப்பின் அடியில் விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வைத்து, அதில் மலிவான கசிவு ஒலிப்பானைப் போட்டு வையுங்கள். கீழ்வீட்டாரிடம் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும். தைப்பூசத்தன்று நீங்கள் தண்ணீர்மலையில் கூட்டத்துக்குள் இருக்கும்போது, அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியது என்ன?

ஒவ்வொரு கம்பியும் சுவரிலுள்ள மின்வாய்க்கு ஏறுவதற்கு முன் அதைவிடத் தாழ்வாக ஒரு வளைவு வளைந்து போக வேண்டும். கம்பி வழியே வழியும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நீட்டிப்புப் பலகையைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள். தொட்டிக்குரிய மின்வாய், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியின் கீழ் வர வேண்டும். மின்பலகையில் சோதனைப் பொத்தான் உள்ள அந்தக் கருவியை எல்லாரும் இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். கையை நீருக்குள் விடும் முன் பம்பின் சுவிட்சை அணைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஆவியாகும் நீரைத் தானாக நிரப்பும் கருவியைக் குழாயோடு நேரடியாக இணைக்கலாமா?

கூடாது. மிதவை ஒரு முறை சிக்கிக்கொண்டால், குழாய் நீர் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். குளோரின் கலந்த நீர் தொட்டியையும் நிரப்பி வீட்டையும் நிரப்பும். தனி வாளியிலிருந்து நிரப்பட்டும். அந்த வாளியின் முழு நீரும் ஒரே நேரத்தில் இறங்கினாலும், பம்ப் நின்றபின் குறித்த முதல் நாடாவுக்கு மேல் சம்ப்பில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

பி.வி.சி. குழாய் ஒட்டியபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? தொட்டி இணைப்பியில் எந்தப் பக்கம் ரப்பர்?

பசை சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டாலும், நீர் விடுவதற்கு முன் ஒரு முழு நாள் காயட்டும். பிறகு வெறும் நீரை ஓடவிட்டு, அந்த நீரைக் கொட்டிய பிறகே மீன்களை விடுங்கள். கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பியின் ரப்பர் வளையம், அகன்ற விளிம்பு உள்ள பக்கத்தில், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வர வேண்டும். திருகு மறையின் பக்கத்தில் வைத்தால் மறைகளின் இடுக்கு வழியாக நீர் கசியும். கையால் இறுக்கிய பின் கால் சுற்று மட்டும் கூடுதலாகத் திருப்புங்கள். அதற்கு மேல் பலம் கொடுத்தால் கண்ணாடியில் கீறல் விழும். வால்வுக்கு இருபுறமும் திருகிக் கழற்றக்கூடிய யூனியன் இணைப்புகளைப் போட்டுவிடுங்கள். அவை இல்லாத குழாயில் வால்வு கெட்டால், முழு வடிகுழாயையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.